முதல் படகாகப் பழைய பாய்மரப் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பாய்மரப் படகு ஒன்றை முதல் படகாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான், ஆட்கள்தான் மாறுகிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். விற்பனை விளம்பரத்தில் மெத்தை, திரைச்சீலை, மின்னணுக் கருவி எல்லாம் முன்வரிசையில் நிற்கும். பணத்தை விழுங்குபவையும் உயிருக்கு உலை வைப்பவையும் புகைப்படத்தில் விழாத இடங்களில் இருக்கும். அதனால் பதில்களில் பாதி அந்த இடங்களைப் பற்றியே போகும்.

எனக்குப் படகு ஓட்டவே தெரியாது. வாங்கிவிட்டுக் கற்றுக்கொள்ளலாமா, கற்றுக்கொண்டு வாங்கலாமா?

கற்றுக்கொண்டு வாங்குங்கள். பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. எதிர்க்காற்றில் படகை வளைத்து வளைத்து ஏற்றிப் பார்க்காதவருக்குத் தமக்கு எப்படிப்பட்ட படகு வேண்டும் என்பதே தெரியாது. புதியவர்கள் கேட்பது ஆறு பேர் படுக்க இடம், அடுப்பு, தலை இடிக்காத கேபின். ஒரு பருவம் ஓட்டிய பிறகு அதே ஆட்கள் வேறு கேட்கிறார்கள்: பாயை இறக்கும் கயிறு உட்காரும் இடத்திலிருந்து கைக்கு எட்டுமா, காற்று ஏறும்போது பாயைச் சுருக்க எத்தனை பேர் வேண்டும், சுக்கான் பிடி கையை இழுக்குமா.

பயிற்சிப் பள்ளி தொலைவில் இருந்தால் மற்றவர் படகில் ஆளாகப் போங்கள். பந்தயம் ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் ஆள் அடிக்கடி தேவைப்படும். சொன்னபடி கயிற்றை இழுக்கவும் தளர்த்தவும் ஆள் கிடைத்தால் அனுபவம் கேட்கமாட்டார்கள்.

முதல் படகு எத்தனை அடி இருந்தால் நல்லது?

ஓட்டக் கற்பதே நோக்கம் என்றால், லேசர் போன்ற 4 மீட்டர் சிறு படகுக்கு ஈடு கிடையாது. தவறு செய்தால் அந்த நொடியே கவிழ்த்துக் காட்டிவிடும், நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். இரவு தங்க வேண்டும், குடும்பம் வர வேண்டும் என்றால் 22 முதல் 26 அடி வரை பாருங்கள். அதற்கு மேல் முதல் படகுக்குத் தேவையில்லை என்பது என் கட்சி.

காரணம் கணக்கில் இருக்கிறது. நீளம் இரு மடங்கானால் அகலமும் உயரமும் கூடவே வளர்வதால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. பாயின் இழுப்பு, நங்கூரத்தின் கனம், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், கயிறு எல்லாம் அதைத் தொடர்ந்து பெருகும். கிடைக்கும் வேகமோ கொஞ்சம். கீல் (அது என்ன என்பது அடுத்த கேள்வியில்) வைத்த கனத்த படகுகளுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் உச்ச வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். 16 அடிக்கு 5.4 நாட், 25 அடிக்கு 6.7 நாட். ஒன்பது அடி கூட்டியும் ஒன்றரை நாட்கூடக் கூடவில்லை.

நிலையான கீல், தூக்கும் கீல், இரட்டைக் கீல் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். எதை வாங்குவது?

கீல் என்பது படகின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் கனமான பலகை போன்ற பகுதி. படகு பக்கவாட்டில் நழுவாமலும் கவிழாமலும் காப்பது அதுதான். எது வேண்டும் என்பதை உங்கள் விருப்பம் முடிவு செய்வதைவிடப் படகு நிற்கப்போகும் இடம்தான் முடிவு செய்யும். நீர் வற்றும் வேளையில் அங்கே எவ்வளவு ஆழம் இருக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆழம் உண்டு என்றால் நிலையான கீல். எதிர்க்காற்றில் அதுதான் நன்றாக ஏறும், பராமரிப்பும் குறைவு. நீர் வற்றித் தரை தெரியும் துறை என்றால் இரட்டைக் கீல்; இரு காலில் நிற்கும், ஓட்டத்தில் சற்று மந்தம். வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் தூக்கும் கீல். ஆனால் அதைத் தூக்கும் கம்பி, அது சுழலும் ஊசி இரண்டும் தண்ணீருக்கு அடியில் தேய்பவை. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த படகு 1974-இல் செய்தது. ஐம்பது வயதுப் படகை வாங்குவது பைத்தியக்காரத்தனமா?

ஃபைபர் படகு என்றால் இல்லை. அந்தக் காலத்தில் உடலைத் தடிமனாகவே செய்தார்கள். உருப்படியாக வைத்திருந்தால் உடலுக்கு வயது ஒரு பொருட்டல்ல. மூப்பு தட்டுவது அதில் பொருத்திய சாமான்களுக்கு: கம்பி, பாய், வால்வு, குழாய், மின்கம்பி, எஞ்சின். எனவே படகின் வயதைவிட இவை ஒவ்வொன்றின் வயதையும் கேட்பதுதான் பயன் தரும்.

அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட வகையைத் தேடுங்கள். கேட்டலினா 22 வகையில் மட்டும் 15,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். 1977-இல் வந்த ஜே 24 வகையில் 5,000-க்கு மேல். இப்படிப்பட்ட படகுக்கு உதிரி பாகம் கிடைக்கும், எந்த இடத்தில் ஒழுகும் என்று சொல்ல நூறு பேர் இருப்பார்கள், திரும்ப விற்பதும் சுலபம். ஒரே ஒருவர் தம் கொல்லையில் கட்டிய படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் படகாக வேண்டாம். மரப் படகும் அப்படித்தான். மரவேலையையே பொழுதுபோக்காக வைத்திருப்பவருக்கு அது வரம், மற்றவருக்குச் சுமை.

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரைக் கூப்பிடுவதற்கு முன் நானே போய் எதைப் பார்க்கலாம்?

மூக்கிலிருந்து தொடங்குங்கள். கேபின் கதவைத் திறந்த முதல் நிமிடத்தில் வரும் வாடை பொய் சொல்லாது. பூஞ்சை வாடை மழைநீர் இறங்குவதைச் சொல்லும். டீசல் வாடை தொட்டியோ குழாயோ கசிவதைச் சொல்லும். நறுமணத் திரவம் தாராளமாகத் தெளித்திருந்தால் ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தரைப்பலகையைத் தூக்கி அடிக்குழியைப் பாருங்கள். தேங்கிய நீரைச் சுண்டுவிரலால் தொட்டு நாவில் வைத்தால் உப்பா இல்லையா என்று தெரிந்துவிடும். கடலில் நிற்கும் படகில் நல்ல தண்ணீர் தேங்கியிருந்தால் அது மேலிருந்து வந்தது. உப்புத் தண்ணீர் என்றால் கீழிருந்து வந்திருக்கலாம், அது பெரிய கேள்வி. எண்ணெய் மிதக்கும் குழியில் இந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்தது மேல்தளம். இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் அல்லது ஒட்டுப்பலகை வைத்துத்தான் பெரும்பாலான மேல்தளங்களைச் செய்கிறார்கள். திருகாணி துளைத்த இடங்களில் அடைப்பு விட்டுப்போனால் நீர் நடுமரத்தில் இறங்கும். மரம் உள்ளுக்குள் சோறாகிவிடும், வெளியே வண்ணம் மின்னும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில் 'பொத்' என்று செத்த ஓசை வரும். கைப்பிடிக் கம்பிகளின் அடி, கயிறு கட்டும் குமிழ்கள், பாய்மரத்தின் அடி ஆகிய இடங்களில் நிதானமாகத் தட்டுங்கள். உள்ளங்கை அளவு ஊறல் என்றால் விலையில் பேசலாம். மேல்தளத்தில் கால்வாசி என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் படகோடு சேரும் தகடுகளைக் கேபினுக்குள்ளிருந்து பாருங்கள். சுவரில் பழுப்பு நிறக் கோடு வழிந்திருந்தால் அங்கே நீர் இறங்குகிறது. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பாதீர்கள். காற்றுப் படாமல் ஈரத்தில் அடைபட்டால் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: பாய்மரம் மேல்தளத்தில் நிற்கும் படகு என்றால் அதன் நேர்கீழே இருக்கும் கழிவறைக் கதவைச் சாத்திப் பாருங்கள். மேல்விளிம்பு சட்டத்தில் உரசினால், பாய்மரத்தின் அழுத்தத்தில் தளம் கீழே இறங்கியிருக்கலாம். கதவைச் சீவிச் சரிசெய்த தடமும் அதே கதையைத்தான் சொல்லும்.

அடிப்பாகத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கின்றன. விட்டுவிடலாமா?

கொப்புளத்துக்காக மட்டும் நல்ல படகை விட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் நிற்கும் ஃபைபரின் மேல்பூச்சைக் கடந்து ஈரம் உள்ளே போய், அங்குள்ள ரசாயனத்தோடு சேர்ந்து உப்புகிறது. குத்தினால் காடி வாடையில் நீர் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சுரண்டி, உலர்த்தி, எபாக்சிப் பசை போட்டு மூடிவிடலாம். இதனால் படகு மூழ்குவது அபூர்வம். அடி முழுக்கப் பரவியிருந்தால் மேல்பூச்சை உரித்து மாதக்கணக்கில் உலர்த்த வேண்டிவரும்; அந்தச் செலவு சின்னப் படகின் விலையைத் தாண்டிவிடும்.

கீலும் உடலும் சேரும் இடத்தில் கோடு போல விரிசல் தெரிகிறது. 'எல்லாப் படகிலும் இருக்கும்' என்கிறார் விற்பவர். உண்மையா?

பாதி உண்மை. ஆணி போட்டு முடுக்கிய கீலின் மூட்டில் பூசிய பசை மயிரிழையாக வெடிப்பது சகஜம். ஆனால் முன்பக்கத்தில் வாய் பிளந்தது போல் அகன்றிருந்தாலும், துருநீர் வழிந்திருந்தாலும், கரையேற்றி இரண்டு நாள் ஆன பிறகும் ஈரம் கசிந்தாலும் அது சகஜம் அல்ல. ஆணிகளில் ஒன்றையாவது கழற்றிப் பார்க்கும் வரை மேலே பேசாதீர்கள்.

உள்ளே கீலின் பின்முனைக்கு நேர்மேலே இருக்கும் பகுதியையும் பாருங்கள். கீல் தரையில் மோதும்போது அதன் பின்முனை மேல்நோக்கி உடலைக் குத்தும். அங்கே விரிசலோ புதுப் பூச்சோ இருந்தால் படகு எங்கேயோ மோதியிருக்கிறது. இதை லேசாக நினைக்க வேண்டாம். 2014 மே மாதம் 'சீக்கி ரஃபிகி' என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக் நடுவில் கீலை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நான்கு பேரும் உயிரிழந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் பொருந்திய கட்டமைப்பைப் பலவீனமாக்கியிருக்கக்கூடும் என்றது பிரிட்டன் விசாரணை அறிக்கை. ஆகவே 'எப்போதாவது தரைதட்டியதா' என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பாய்மரக் கம்பிகள் பளபளவென்று இருக்கின்றன. இன்னும் மாற்ற வேண்டுமா?

பளபளப்பைப் பார்க்காதீர்கள், பில்லைப் பாருங்கள். எஃகுக் கம்பிக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டு என்பது பொதுவாகச் சொல்லும் ஆயுள். காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் இந்த வயதைக் கேட்கும். கம்பி அறுவது நடுவில் அல்ல, முனையில் பொருத்திய உலோகக் குழலுக்குள். மெல்லிய காகிதக் கைக்குட்டையைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் காகிதம் மாட்டிக் கிழியும். வெறுங்கையால் இழுத்தால் கிழிவது கை. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் முழுச் செட்டின் செலவையும் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

பாய்கள் 'நல்ல நிலையில்' என்று போட்டிருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

ஏற்றிப் பாருங்கள். மடித்த பாயைப் பார்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. புதிய டாக்ரான் துணி விறைப்பாக இருந்து சரசரக்கும். துவண்டு தொங்கினால் அதன் காலம் முடிந்தது. துணிக்கு முன்பே வெயிலில் சாவது தையல் நூல். நகத்தால் அழுத்தி உரசுங்கள். நூல் பொடிந்தால் மறுதையல் போட வேண்டும். தொய்ந்த பாயிலும் படகு ஓடும், எதிர்க்காற்றில்தான் ஏறாது. கற்கும் பருவத்துக்கு அது போதும். ஆனால் புதிய பெரிய பாயும் முன்பாயும் வாங்கினால் மலிவான படகின் விலைக்கே வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எஞ்சின் இருபது ஆண்டில் மிகக் குறைந்த மணிநேரமே ஓடியது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லதுதானே?

நல்லதல்ல. டீசல் எஞ்சினை ஓட்டம் கெடுப்பதைவிடச் சும்மா கிடப்பது அதிகம் கெடுக்கும். ஒழுங்காக எண்ணெய் மாற்றிப் பல ஆயிரம் மணி நேரம் ஓடிய எஞ்சினை நான் முதலில் வாங்குவேன்.

வருவதற்கு முன் எஞ்சினைக் கிளப்பி வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். போனதும் அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் கிளம்பும்போது சிறிது வெண்புகை வந்து அடங்கலாம். அடங்காத வெண்புகை எரியாத எரிபொருளையோ நீராவியையோ காட்டும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம், சில நேரம் தண்ணீருக்கு அடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறியில் சிப்பி ஒட்டியதாலும் வரும். அளவுகோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் வெளிறிக் கலங்கியிருக்கிறதா? தண்ணீர் கலந்துவிட்டது. 26 அடிக்குள் என்றால் பின்னால் மாட்டும் வெளி எஞ்சினே போதும். கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். பெரிய அலையில் அதன் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து சுழலும், அது ஒன்றுதான் குறை.

அடியில் இருக்கும் வால்வைத் திருப்ப முடியவில்லை. 'எப்போதும் திறந்தே இருக்கட்டும், ஒன்றும் ஆகாது' என்கிறார்கள்.

அந்த வால்வுக்கு மேலே இருக்கும் ரப்பர் குழாய் ஒரு நாள் கழன்றால் படகுக்குள் வரும் கடலை நிறுத்த வேறு வழி இல்லை. மூடத் திறக்க முடியாத வால்வு, வால்வே இல்லாததற்குச் சமம். கரையேற்றும்போது உலோகத்தைச் சுரண்டிப் பாருங்கள்: வெண்கலம் தாங்கும், சாதாரணப் பித்தளையில் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சுத்தியல் தட்டிலேயே உடையும் நிலை.

ஒருவர் படகை இலவசமாகவே தருகிறார். வேண்டாம் என்பதா?

இலவசப் படகுதான் இருப்பதிலேயே விலை அதிகம். அதைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து நிறுத்தும் இடத்தின் வாடகை உங்களுடையது. மேலே சொன்ன கம்பி, பாய், எஞ்சின் மூன்றும் போனது என்றால், அவற்றை மாற்றும் பணத்தில் அதே வகைப் படகை ஓடும் நிலையிலேயே வாங்கிவிடலாம். உள்ளதை உடைத்து அப்புறப்படுத்தவும் பணம் கேட்பார்கள்.

என் விதி எளிது: போன வாரம் ஓடிய படகை வாங்குங்கள். உரிமையாளர் இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால் ஒழுகல் அடைபட்டிருக்கும், பம்ப் வேலை செய்யும், கயிறு சிக்காது. ஐந்து ஆண்டு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த படகில் இவை ஒவ்வொன்றையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் நடுநீரில்.

சர்வேயருக்குக் கேட்கும் பணம் படகு விலையில் கால்வாசி வருகிறது. தேவையா?

வண்டியில் இழுக்கும் சிறு படகு என்றால் அனுபவமுள்ள நண்பரும் மேலே சொன்ன சோதனைகளும் போதும். கீல் ஆணி, உள் எஞ்சின், மேல்தளம் என்று வந்துவிட்டால் தேவை. குறையைக் கண்டுபிடித்தால் விலை குறையும், அல்லது படகே வேண்டாம் என்று தெரியும், இரண்டும் லாபம். பழைய படகுக்குக் காப்பீடு தருபவர்களும் அந்த அறிக்கையைக் கேட்பதுண்டு.

விற்பவரோ தரகரோ சொல்லும் ஆளை வைக்காதீர்கள், நீங்களே தேடுங்கள். ஆய்வு முடியும் வரை முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பொதுவாகச் சர்வேயர் பாய்மரத்தில் ஏறமாட்டார், எஞ்சினைப் பிரிக்கமாட்டார். அவற்றுக்குத் தனி ஆள் வேண்டும் என்றால் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எந்தெந்தக் காகிதங்களைப் பார்க்க வேண்டும்?

விற்பவர்தான் உரிமையாளர் என்பதற்கு ஆதாரம், பதிவு, பழைய விற்பனைப் பத்திரங்கள். படகின் பின்புறத்தில் வலப்பக்கம் பொறித்திருக்கும் அடையாள எண் காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மிகப் பழைய படகில் அந்த எண் இல்லாமலும் இருக்கலாம். பல நாடுகளில் கடன் உரிமையாளரை விட்டுவிட்டுப் படகோடு வரும். துறை வாடகையும் பழுதுபார்த்த கூலியும் பாக்கி இருந்தால் புதிய உரிமையாளரிடம் வந்து நிற்பார்கள். துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? விலையில் பத்தில் ஒரு பங்கு என்கிறார்களே?

விலை உயர்ந்த புதிய படகுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். மலிவான பழைய படகுக்குப் பொருந்தாது. துறைக்காரர் வாடகையை நீளத்துக்குக் கணக்கிடுகிறார், நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல. அடிப்பாக வண்ணமும் கயிறும் அப்படியே. எனவே விலையை மறந்துவிட்டு நீளத்தை வைத்து விசாரியுங்கள்: நிறுத்த, கரையேற்ற, வண்ணமடிக்க, காப்பீடு செய்ய எவ்வளவு. கையில் உள்ள மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குப் படகு தேடுங்கள்.

இதே படகில் பின்னாளில் கடல் கடக்க முடியுமா?

ஐரோப்பாவில் 1998-க்குப் பின் விற்ற புதிய படகுகளில் ஏ, பி, சி, டி என்ற தரம் இருக்கும். சி என்றால் காற்று போஃபோர்ட் அளவில் (காற்றின் வலிமையைக் குறிக்கும் எண்) 6, அலை 2 மீட்டர் வரை. பி என்றால் 8, 4 மீட்டர் வரை. ஏ அதற்கும் மேல். இது செய்தபோது இருந்த நிலைக்குத் தந்த சான்று. இருபது வயதுக் கம்பியோடு நிற்கும் ஏ தரப் படகு இன்று ஏ அல்ல.

நீளம் மட்டும் காப்பாற்றாது என்பதற்குச் சான்று உண்டு. 1979-இல் நடந்த ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டு, புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் பந்தயத்தை முடித்த ஒரே படகு கான்டெசா 32 வகையைச் சேர்ந்த 'அசென்ட்'. அதன் வடிவமும் கீல் கனமும் அப்படி, ஓட்டியவர்களும் அப்படி. இருந்தாலும், முதல் படகை இந்தக் கனவுக்காக வாங்காதீர்கள். கடல் கடக்கும் படகு கனம், இளங்காற்றில் நகராது. நீங்கள் அடுத்த சில ஆண்டுகள் ஓட்டப்போவது இளங்காற்றில்தான்.

சோதனை ஓட்டத்தன்று காற்றே இல்லை. எஞ்சினில் ஒரு சுற்று போய்விட்டுக் கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். இன்னொரு நாள் கேளுங்கள். 'வேறொருவர் நாளை வருகிறார்' என்பார்கள், வரட்டும். படகு சாயும்போதுதான் பல விஷயங்கள் வெளிவரும். மேல்தளம் தண்ணீரைத் தொடும்போது கேபினில் எங்கே சொட்டுகிறது? காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கக் கம்பிகள் தளர்வது இயல்பு, ஆனால் தொங்கி ஆடுகின்றனவா? பாயைச் சரியாக வைத்த பிறகும் சுக்கான் பிடியை இரு கையால் பிடிக்க வேண்டியிருக்கிறதா? சுக்கானை இடவலமாக ஆட்டினால் 'லொடக்' என்ற ஓசை கேட்கிறதா? பாயைச் சுருக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழகிய உரிமையாளர் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்.

கரைக்கு வந்ததும் தரைப்பலகையை மறுபடி தூக்கிப் பாருங்கள். போகும்போது உலர்ந்திருந்த குழியில் நீர் சேர்ந்திருந்தால், எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.